30 வயசு தாண்டின ரோட்ஸ்டர்: காலையில் கியர் விழல, ட்ராஃபிக்ல ஹீட், மழைக்கு உள்ளே தண்ணி. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பாப்அப்_லைட்டு:

வணக்கம். வண்டி மஸ்டா எம்எக்ஸ்-5, முதல் மாடல், 1991, 1.6 இன்ஜின், 5 கியர். ஒரு லட்சத்து பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. நிக்கிறது சென்னை ராயபுரத்துல, மேல ஷீட் மட்டும் போட்ட திறந்த இடம், கடல் நடந்து போற தூரம். ஒரே நேரத்துல நாலு தொல்லை. எது எதோட சம்பந்தம்னு பிடிபடல.

காலையில ஸ்டார்ட் பண்ணி கிளட்ச் மிதிச்சா ஃபர்ஸ்ட் கியர் விழல. அழுத்திப் போட்டா கரகரன்னு கடிக்குது. பெடலை ரெண்டு மூணு தடவை அடிச்சா விழுந்துடுது, கொஞ்சம் ஓடினப்புறம் சரியாயிடுது. கிளட்ச் ஆயில் டப்பால ரெண்டு வாரத்துக்கு ஒரு விரல்கடை குறையுது. தரையில சொட்டு எதுவும் இல்ல.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னாடி மாட்டினா டெம்பரேச்சர் முள்ளு நடுவைத் தாண்டி ஏறுது. வண்டி நகர ஆரம்பிச்சதும் இறங்கிடுது.

சிக்னல்ல ஆர்பிஎம் 500க்கு விழுந்து சில நேரம் ஆஃப் ஆகுது. ஈரமான காலையில மிஸ்ஸிங்கும் அடிக்குது.

மழை பேஞ்சா பக்கத்து சீட்டு கார்ப்பெட் ஊறிடுது. வளைவுல திரும்பும்போது சீட்டுக்குப் பின்னாடி தண்ணி அலம்புற சத்தம்.

பார்த்த மெக்கானிக் கிளட்ச் பிளேட் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்கிறார். கையில இருக்கிறது ட்ராலி ஜாக்கி, நாலு ஸ்டாண்டு, ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், டைமிங் லைட். வீட்டுலயே எதை எந்த வரிசையில பார்க்கலாம்?


நாலு_சிலிண்டர்:

பிரதர், லட்சம் தாண்டின வண்டி. கியர்பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீல் எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்திடுங்க. ரெண்டு தடவை கூலி கொடுக்க வேணாம்.


மரைகழன்றவன்:

நாலு_சிலிண்டர் அண்ணே, கோச்சுக்காதீங்க. பெடலை அடிச்சா கியர் விழுதுன்னு அவரே சொல்லிட்டாரு. பிளேட் தேஞ்சா கிளட்ச் ஸ்லிப் ஆகும்: நாலாவது கியர்ல 40 ஸ்பீடுல முழுசா ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா ஆர்பிஎம் ஏறும், வண்டி ஏறாது. இங்க நேர் எதிர், கிளட்ச் முழுசா விடல. டப்பால ஆயிலும் குறையுது. இது ஹைட்ராலிக் கேஸ். கியர்பாக்ஸ் பக்கம் போகவே வேணாம்.

இந்த வண்டியில கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (ஆயில் பிரஷர்ல கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளறது) கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங்ல வலது பக்கம் வெளியிலதான் தொங்குது. வலது முன் சக்கரத்தைக் கழட்டிட்டு, ஸ்டாண்டு போட்டு, கீழ படுத்தா கைக்கு எட்டும். ஜாக்கியை முன் கிராஸ்மெம்பர் நடுவுல குடுங்க, ஸ்டாண்டை பக்கவாட்டுல இருக்கற ஜாக்கி பாயின்ட்ல வைங்க. சில் (கதவுக்கு அடியில நீளமா ஓடற தகட்டுப் பெட்டி) விளிம்புல வேற எங்க குடுத்தாலும் மடங்கிடும். உப்புக் காத்துல ஊறின சில்லுன்னா மடங்கறதோட நிக்காது, உள்ள போயிடும்.

ஸ்லேவ் முனையில ஒரு ரப்பர் பூட் இருக்கும். அதோட உதட்டை ஸ்க்ரூ டிரைவரால லேசா தூக்குங்க. உள்ள ஈரமா இருந்தா, அதுவும் கறுப்பா மை மாதிரி வந்தா, சிலிண்டர் போச்சு. தரையில சொட்டு இல்லாததுக்குக் காரணம் இதுதான், பூட்டே கிண்ணம் மாதிரி பிடிச்சு வச்சுக்கும். நிரம்பினாதான் வெளிய வழியும்.

அப்புறம் ஒரு அளவு எடுங்க. யாரையாவது பெடலை முழுசா மிதிக்கச் சொல்லிட்டு, ஸ்லேவ்ல இருந்து வர்ற புஷ்ராடு எவ்வளவு நகருதுன்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. நல்ல நிலையில 12 மி.மீ. பக்கம் வரணும். பெடல் பக்கத்துல இருக்கற மாஸ்டர் சிலிண்டரோட உள்விட்டம் 5/8 இஞ்ச், ஸ்லேவோடது 3/4 இஞ்ச். மாஸ்டர் பிஸ்டன் 10 மி.மீ. போனா ஸ்லேவ் 7 மி.மீ.தான் போகும். அதனால மேல கொஞ்சம் காத்தோ கசிவோ இருந்தாலும் கீழ உடனே தெரியும். பெடலை முழுசா மிதிச்சே வச்சிருக்கும்போது புஷ்ராடு மெல்ல பின்வாங்குதான்னும் பாருங்க. பின்வாங்குது, ஆனா ஸ்லேவ் பூட் காஞ்சிருக்குன்னா, மாஸ்டர்ல உள்ள சீல் தாண்டி ஆயில் திரும்பிப் போகுது. டிரைவர் கால் பக்கம் குனிஞ்சு, மாஸ்டர் புஷ்ராடு ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தகடு) தாண்டி வர்ற இடத்தையும் விரலால தடவுங்க. அங்க ஈரம் இருந்தா அது வெளிய கசியுது.

எது போனாலும் ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. ரெண்டுக்கும் ஒரே வயசு, ஒரே ஆயில். புது ஸ்லேவ் போட்டதும் முழு பிரஷர் திரும்ப வரும், பழைய மாஸ்டர் சீல் கொஞ்ச மாசத்துல படுத்துடும்.

பின் சீல் பத்தி: இன்ஜினுக்குப் பின்னாடி ஆயில் இருந்தா முதல்ல ஹெட்டோட பின் முனையைப் பாருங்க. அங்க ஃபயர்வாலை ஒட்டி கேம் ஆங்கிள் சென்சார் இருக்கு. அதோட ஓ-ரிங் காஞ்சு பிளாஸ்டிக் மாதிரி ஆயிட்டா ஆயில் ஹெட் வழியா இறங்கி பெல் ஹவுசிங் மேல விழும், பார்க்கறதுக்கு அப்படியே பின் சீல் கசிவு மாதிரியே இருக்கும். ஒரு ரப்பர் வளையத்துக்காக கியர்பாக்ஸ் இறக்கின வண்டிங்க நிறைய.


ரிங்ஸ்பேனர்:

கிளட்ச் பற்றி மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. சூடேறுவதையும் ஐடிலிங்கையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நின்றால் சூடேறி, ஓடினால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டரில் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் போகவில்லை. (வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், பம்ப் என்று வேறு வழியில் தேட வேண்டும்.) எனவே ஃபேனிலிருந்து தொடங்குங்கள். பானெட்டுக்குள் மூடியில் ‘டயாக்னோசிஸ்’ என்று எழுதிய சிறிய கறுப்புப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் ஒவ்வொரு துளைக்கும் பெயர் மூடியின் உள்புறம் இருக்கும். சாவியை ஆன் நிலையில் வைத்து, இன்ஜினை ஓட்டாமல், டிஎஃப்ஏ துளையையும் ஜிஎன்டி துளையையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் மூன்றும் நன்றாக இருக்கின்றன. பழுது ஃபேன் சுவிட்சில். சுற்றாவிட்டால் ரிலேயையும் மோட்டார் பிளக்கின் எர்த்தையும் பாருங்கள். உங்கள் பகுதியில் எர்த் இணைப்பில் பச்சை பூத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அந்த சுவிட்ச் முன்பக்கம் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இருக்கிறது. 97 டிகிரி அளவில் இணைய வேண்டும். கழற்றி, அடுப்பில் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் முனையை மட்டும் மூழ்கவிட்டு, மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் கொதி வரும் தறுவாயில் பீப் வர வேண்டும். தளதளவென்று கொதித்த பிறகும் வரவில்லை என்றால் மாற்றுங்கள். மீட்டர் முள்ளுக்கு வேறு சென்சார், அது ஹெட்டின் பின்பக்கம். ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்று சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது எல்லோரும் மறப்பது: இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. ஆயில் மாற்றும்போது தொல்லை என்று கழற்றி ஓரம் போட்டுவிடுவார்கள். முன்னால் நுழையும் காற்று ரேடியேட்டர் வழியாகப் போவதற்கு அந்தத் தட்டுதான் தடுப்புச் சுவர். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்கு அடியில் நழுவிவிடும். தொலைந்திருந்தால் 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டி மாட்டலாம். ஆயில் வடிகட்டும் இடத்துக்கு மட்டும் ஒரு திறப்பு விடுங்கள்.

ரேடியேட்டர் துடுப்புகளில் துறைமுகப் பக்கத்துத் தூசியும் உப்பும் சேர்ந்து சிமென்ட் போல இறுகும். ஃபேனைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, சாதாரண குழாய் அழுத்தத்தில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் துடுப்பைப் படுக்க வைத்துவிடும். விரலால் தொட்டால் துடுப்பு பொடியாக உதிர்ந்தால் கழுவுவது வீண், ரேடியேட்டரே மாற்ற வேண்டியதுதான். மேல் டேங்க் பிளாஸ்டிக் கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வந்திருந்தால் வெடிப்புக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது.

கூலன்ட் மொத்தம் 6 லிட்டர். 3 லிட்டர் கான்சென்ட்ரேட், 3 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். நமக்கு உறைபனி இல்லையே, வெறும் தண்ணீர் போதாதா என்பார்கள். நமக்கு வேண்டியது அதிலுள்ள துரு தடுக்கும் மருந்தும், கொதிநிலை உயர்வும். மீஞ்சூர் தொடங்கி கடலோரம் முழுக்க நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. அந்த போர் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட்டின் வழிகளில் உப்பு படியும். நிரப்பும்போது வண்டியின் மூக்கைத் தூக்கி வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, மூடி இல்லாமல் ஓடவிட்டு, குமிழி நின்றபின் மூடுங்கள். இந்த இன்ஜின் முன்சக்கர வண்டிக்காகக் குறுக்கே வைக்க வடிவமைத்தது. இங்கே நீளவாட்டில் திருப்பி வைத்து, தண்ணீர் வெளியேறும் வழியையும் முன்பக்கமே வைத்துவிட்டார்கள். அதனால் பின்னால் இருக்கும் 4வது சிலிண்டர் பக்கம் ஓட்டம் குறைவு. உள்ளே காற்று தங்கினால் அதன் விளைவை முதலில் அனுபவிப்பது அந்த மூலைதான்.

இப்போது ஐடிலிங். 1.6 இன்ஜினில் உள்ளே போகும் காற்றை அளப்பது கதவு மாதிரி திறக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர். அதற்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளில் வெடிப்பு விழும். அந்த வழியே நுழையும் காற்று கணக்கில் வராது, பெட்ரோல் குறைவாகப் போகும், ஆர்பிஎம் விழும். குழாயைக் கையால் இழுத்து மடிப்புகளை விரித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். விரிக்காமல் பார்த்தால் வெடிப்பு தெரியாது. இன்னொரு சோதனை: ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். நல்ல வண்டி உடனே தடுமாறும். திறந்தும் எந்த மாற்றமும் இல்லை என்றால் ஏற்கெனவே வேறு இடத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது.

அதைச் சரிசெய்த பிறகுதான் ஐடில் திருகில் கை வைக்க வேண்டும். இன்ஜின் சூடானதும் அதே கறுப்புப் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி இரண்டையும் இணைத்து, த்ராட்டில் பாடி மேல் ரப்பர் மூடிக்கு அடியில் இருக்கும் திருகை 850 ஆர்பிஎம்முக்கு வையுங்கள். இணைக்காமல் திருகினால் கம்ப்யூட்டர் எதிர்த் திசையில் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், நீங்களும் திருகிக்கொண்டே இருப்பீர்கள். வயர் இருக்கும்போதே டைமிங் லைட்டில் பாருங்கள்: 10 டிகிரி முன், ஒரு டிகிரி கூடக்குறைய. முடிந்ததும் வயரை எடுக்க மறக்க வேண்டாம்.

ஈரத்தில் மிஸ்ஸிங் என்றால் பிளக் வயர். இருட்டில் பானெட்டைத் திறந்து, ஸ்ப்ரே பாட்டிலில் லேசாகத் தண்ணீர் தூவினால் நீலப் பொறி தாவும் இடம் கண்ணில் படும். இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) 1-4, 2-3 சிலிண்டர் என்று ஜோடியாக வேலை செய்கிறது. ஒரு ஜோடி முழுக்கச் செத்திருந்தால் காயில். ஒன்று மட்டும் என்றால் வயர் அல்லது பிளக். பிளக் என்ஜிகே பிகேஆர்5இ-11, இடைவெளி 1.1 மி.மீ., இறுக்கம் 20 நியூட்டன் மீட்டர் போதும். பிளக் குழியில் ஆயில் நின்றால் கேம் கவர் கேஸ்கட் போயிருக்கிறது. அந்த கவர் போல்டுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர்தான். பழக்கதோஷத்தில் ஒரு இழுப்பு கூட இழுத்தால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும்.


பாப்அப்_லைட்டு:

ரொம்ப நன்றி. பார்த்ததைச் சொல்றேன். ஸ்லேவ் பூட்டைத் தூக்கினதும் கறுப்பு ஆயில் வழிஞ்சுது. புஷ்ராடு 7 மி.மீ.தான் நகருது. டிஎஃப்ஏல வயர் போட்டா ஃபேன் சுத்துது, சுவிட்ச் கொதி தண்ணியிலயும் பீப் குடுக்கல. ரப்பர் குழாய்ல ரெண்டாவது மடிப்புல அரை வட்டத்துக்கு வெடிப்பு. அடித்தட்டு இல்லவே இல்ல.

ஸ்லேவும் மாஸ்டரும் வெளிநாட்டுல இருந்து வர்ற வரைக்கும் உள்ளூர்ல ரப்பர் மாத்தி ஓட்டலாமா? கேம் சென்சார் ஓ-ரிங்கும் மண்ணடியில வாங்கிக்கலாமா?


ஓரிங்_பித்தன்:

வாங்கலாம், ஆனா என்ன ரப்பர்னு கேட்டு வாங்கணும். கடையில ‘19 மி.மீ. ரப்பர் குடுங்க’ன்னா கைக்கு வர்றது நைட்ரைல். ஆயிலுக்கும் டீசலுக்கும் அது நல்லது. கிளட்ச்லயும் பிரேக்லயும் போற ஃப்ளூயிட் வேற ஜாதி, கிளைக்கால். அதுல நைட்ரைல் போட்டா ஊதிப்போய் பிஸ்டன் பிடிச்சுக்கும், பெடல் கீழயே நின்னுடும். அங்க வேண்டியது இபிடிஎம். பிரேக் பார்ட்ஸ் விக்கிற கடையில கேட்டா ‘பிரேக் கப்’னே குடுப்பாங்க. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல 3/4 இஞ்ச் கப் கேளுங்க, அது பழைய வண்டிங்க பலதுல வர்ற பொது அளவு. பிஸ்டனையும் பழைய கப்பையும் கையில கொண்டு போய், உதட்டோட உயரமும் அடியில இருக்கற துளையும் ஒத்துப் பாருங்க.

கேம் சென்சார் அப்படியே தலைகீழ். அங்க சூடான இன்ஜின் ஆயில். இபிடிஎம் போட்டா அது ஊதும். ‘விட்டான்’ங்கற ரப்பர் வகையைக் கேளுங்க, நைட்ரைலை விட சில ரூபா கூட, வருஷக்கணக்குல சூடு தாங்கும். அளவு எடுக்கும்போது பழைய வளையத்தை அளக்காதீங்க, அது தட்டையாகி சதுரமா இருக்கும். அது உக்கார்ற பள்ளத்தோட விட்டத்தையும் அகலத்தையும் வெர்னியர்ல எடுங்க. சென்சாரைக் கழட்டறதுக்கு முன்னாடி பாடியிலயும் ஹெட்லயும் சேர்த்து ஒரு கோடு கீறிக்குங்க. ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட், அது லூஸானதும் டைமிங் நகர்ந்துடும். மாட்டினப்புறம் டைமிங் லைட் கட்டாயம்.

கப் மாத்தறதுக்கு முன்னாடி சிலிண்டர் உள்சுவரை டார்ச்ல பாருங்க. நகத்தால தடவும்போது குழி தட்டுப்பட்டா புது கப்பும் ரெண்டு வாரம்தான். ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும், அந்தத் தண்ணி சிலிண்டர் உள்சுவரை அரிக்கும். கடல் பக்கத்துல இது சீக்கிரம் நடக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்துறதா இருந்தா நம்ம ஊருக்கு ஒரு வருஷம்னு வச்சுக்குங்க. திறந்த டப்பாவை மூடி வச்சு அடுத்த வருஷம் ஊத்தாதீங்க.


மரைகழன்றவன்:

குழி இருந்தா ஓட்டாதீங்க, பார்சல் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க. லாரிக்கு நடுவுல கிளட்ச் விடாம நிக்கறது ஆபத்து.

ஸ்லேவ் மாத்தும்போது: பைப் நட்டுக்கு சாதா ஓப்பன் ஸ்பேனர் போட்டா முனை உருண்டுடும், 10 மி.மீ. ஃப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கிக்குங்க. ரெண்டு 12 மி.மீ. தலை போல்ட் இன்னும் இருக்கும்போதே பைப் நட்டை முதல்ல இளக்கணும், கழட்டின சிலிண்டரைக் கையில பிடிச்சுக்கிட்டு நட்டோட மல்லுக்கட்ட முடியாது. மாட்டும்போது 20 நியூட்டன் மீட்டர். புஷ்ராடு முனையில ஃபோர்க் தொடற இடத்துல ஒரு கடுகளவு கிரீஸ்.

ஏர் எடுக்க 8 மி.மீ. ரிங் ஸ்பேனர், தெளிவான ட்யூப், டாட் 4 ஃப்ளூயிட் 300 மி.லி. ஒருத்தர் மிதிச்சு ‘பிடிச்சிட்டேன்’னு சொன்னதும் கால் சுத்து திறக்கணும், மூடினப்புறம் பெடலைக் கையால மேல தூக்கணும், முதல்ல அது தானா வராது. டப்பா ரொம்ப சின்னது. நாலு தடவைக்கு ஒரு தரம் ஊத்தலன்னா காத்து உள்ள போயி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். குமிழி நின்னும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தா ஸ்லேவை போல்ட்ல இருந்து எடுத்து, புஷ்ராடை முழுசா உள்ள தள்ளி, பிளீட் ஸ்க்ரூ மேல பார்க்கற மாதிரி பிடிச்சு ஏர் எடுங்க. அந்த சிலிண்டர்ல காத்து தங்கற மூலை பிஸ்டனுக்கு முன்னாடிதான். அப்படிச் செய்யும்போது யாரும் பெடலை மிதிச்சிடக் கூடாது, பிஸ்டன் தெறிச்சு வெளிய வந்துடும். ஃப்ளூயிட் பெயின்ட் மேல பட்டா உடனே தண்ணி ஊத்துங்க, துடைச்சா பரவும்.

கடைசியா மாஸ்டர் புஷ்ராடுல கொஞ்சம் விளையாட்டு இருக்கணும், பெடல்ல அளந்தா 1ல இருந்து 3 மி.மீ. கியர் நல்லா விழட்டும்னு இதைச் சுத்தமா எடுத்துட்டா, ஃப்ளூயிட் டப்பாவுக்குத் திரும்பற துளை அடைபடும். சூட்டுல ஃப்ளூயிட் விரியும், கிளட்ச் தானா பாதி மிதிபட்ட மாதிரி நிக்கும், பிளேட் கருகும். அப்பதான் நாலு_சிலிண்டர் அண்ணன் சொன்ன வேலை நிஜமாவே வரும்.

கீழ படுத்திருக்கும்போதே கியர்பாக்ஸ் ஆயிலும் மாத்திடுங்க: 75டபிள்யூ-90, 2 லிட்டர், ஜிஎல்-4. ஜிஎல்-5ல இருக்கற கந்தக மருந்து பித்தளை சிங்க்ரோவை அரிக்கும். கடைக்காரர் ‘5 பெருசு சார், அதான் நல்லது’ம்பாரு. பின்னாடி டிஃபரன்ஷியலுக்கு அதே ஜிஎல்-5தான் வேணும், 1.6க்கு 0.65 லிட்டர். ரெண்டுலயும் ஊத்தற போல்டை முதல்ல திறந்து பார்த்துட்டுதான் வடிக்கற போல்டைத் தொடணும். 2023 மிக்ஜாம் புயல் நேரத்துல சக்கரம் பாதிக்கு மூழ்கி நின்ன வண்டின்னா, வடியற ஆயில் பால் டீ கலர்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா மூச்சுக்குழாய் வழியா தண்ணி போயிருக்கு. புது ஆயில் ஊத்தி நூறு கிலோமீட்டர் ஓட்டி, திரும்பவும் வடிச்சு மாத்துங்க.


உப்புக்காத்து:

தண்ணி விஷயத்தை யாரும் தொடல. இந்த வண்டியில கிளட்ச்சை விட அவசரம் அதுதான். கிளட்ச்சை எப்ப வேணா மாத்தலாம், சில்லு ஓட்டையானா டிங்கரிங் செலவு வண்டி விலைக்குப் போகும்.

சீட்டுக்குப் பின்னாடி அலம்புதுன்னா துணி டாப்போட வடிகால் அடைச்சிருக்கு. டாப்புல விழற தண்ணி பின் விளிம்புல இருக்கற ஒரு கால்வாய்ல சேர்ந்து, ரெண்டு பக்கமும் சீட் பெல்ட் தூணுக்குக் கீழ இருக்கற துளை வழியா இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னாடி கீழ வெளிய வரணும். அந்தத் துளையில இலையும் மண்ணும் சேர்ந்து களியா நிக்கும். மீன் லாரி போற தெருன்னா ஐஸ் தண்ணி தெறிச்சு உப்பும் சேரும். ஒரு லிட்டர் தண்ணியை மெதுவா துளையில ஊத்துங்க. ஊத்தற வேகத்துக்கு கீழ வரணும், தேங்குச்சுன்னா அடைப்பு. கட்டுக்கம்பி விடாதீங்க, உள்ள ரப்பர் குழாய் கிழிஞ்சா தண்ணி நேரா சில்லுக்குள்ளதான். புல் வெட்டற மெஷினோட நைலான் கயிறு அரை மீட்டர், முனையை லைட்டரால உருட்டி மொழுமொழுன்னு ஆக்கிட்டு, மேல இருந்து சுழட்டி சுழட்டி விடுங்க. கீழ வர்ற இடத்துல ஒரு ரப்பர் நாக்கு இருக்கும், அது ஒட்டிக்கிட்டா விரலால பிரிச்சு விடுங்க. அக்டோபர் பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்காலம் முடியற வரைக்கும் மாசம் ஒரு தடவை.

சில்லுக்கு அடியில சின்னச் சின்ன வடிகால் வெட்டு இருக்கும். அண்டர் கோட்டிங் அடிச்சவங்க அதையும் சேர்த்து பூசி மூடியிருப்பாங்க. ஸ்க்ரூ டிரைவர் முனையால திறந்து விடுங்க. பழுப்புத் தண்ணி வழிஞ்சா ஏற்கெனவே உள்ள துரு. பின் சக்கரத்துக்கு முன்னாடி சில்லு முடியற இடத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிப் பாருங்க: கிணுங்னா இரும்பு, பொத்துன்னா புட்டி. நல்லா காஞ்சப்புறம் உள்ள கேவிட்டி வாக்ஸ் (துரு தடுக்கற மெழுகு) அடிங்க. ஈரத்து மேல அடிச்சா ஈரத்தை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி.

கார்ப்பெட் ஈரத்துக்கு இன்னொரு சோதனை. அந்தத் தண்ணியை வெள்ளைத் துணியில ஒத்தி எடுங்க. பிசுபிசுன்னு, இனிப்பு வாசனையோட இருந்தா மழை இல்ல, ஹீட்டர் கோர்ல இருந்து கூலன்ட். அப்படின்னா ரேடியேட்டர்லயும் லெவல் குறையும். எதுவா இருந்தாலும் கார்ப்பெட்டையும் அடியில இருக்கற பஞ்சையும் முழுசா எடுத்து வெயில்ல போடுங்க. இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டி பக்கத்து சீட்டுக் கால் வைக்கிற இடத்துலதான், கார்ப்பெட்டுக்குக் கீழ. அதோட பிளக் பச்சை பிடிச்சா அப்புறம் ஐடிலிங் எப்பவுமே சரியா வராது.

டிக்கியைத் திறந்து பேட்டரியையும் பாருங்க. கம்பெனியில வந்தது ஆவியைக் குழாய் வழியா வெளிய விடற சீல் பேட்டரி. யாராவது சாதா ஆசிட் பேட்டரி வச்சிருந்தா அந்த ஆவி டிக்கிக்குள்ளயே சுத்தி தரையைத் தின்னும். சீல் பண்ணின, ஆவிக்குழாய் மாட்ட முடியற பேட்டரியா வாங்குங்க. தட்டு அளவை எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க, ஆம்பியர் மட்டும் சொல்லாதீங்க.

இன்னொண்ணு, ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய வர்ற கழிவுத் தண்ணியைப் பிடிச்சு வண்டி கழுவற வழக்கம் நம்ம ஏரியாவுல வீட்டுக்கு வீடு இருக்கு. அது உப்பை வடிகட்டிட்டு மிச்சம் வர்ற தண்ணி, குழாய்ல வந்ததை விட உப்பு கூட. அதுல அடிப்பக்கம் கழுவறதும் கடல்ல கழுவறதும் வேற வேற இல்ல. மெட்ரோ வாட்டர் ரெண்டு பக்கெட் போதும், மக்குல அடிச்சு ஊத்துங்க.


பாப்அப்_லைட்டு:

இன்னிக்கு வடிகால் எடுத்தேன். இடது பக்கம் ஒரு டம்ளர் களி வந்துது, தண்ணி இப்ப உடனே இறங்குது. கார்ப்பெட் தண்ணியில வாசனை இல்ல. ஸ்லேவ், மாஸ்டர், ஃபேன் சுவிட்ச், குழாய் ஆர்டர் போட்டாச்சு. சில்லு இடது பின் முனையில ஒரு இடம் மட்டும் பொத்துங்குது, அதுக்கு டிங்கர் கிட்ட பேசணும்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: ஹேண்ட் பிரேக் பத்து கிளிக் வரைக்கும் வருது. கேபிளை இறுக்கினா போதுமா?


ரிங்ஸ்பேனர்:

கேபிளில் கை வைப்பதற்கு முன் கேலிப்பரைப் பாருங்கள். பின் கேலிப்பரின் பின்புறம் 14 மி.மீ. மூடி போல்ட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போகும் துளை. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, பின்னால் இரண்டு சக்கரமும் தூக்கிய நிலையில், கடிகாரத் திசையில் சக்கரம் பிடிக்கும் வரை திருப்பி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். சக்கரம் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் செய்த பிறகும் 5 முதல் 7 கிளிக்குக்குள் வரவில்லை என்றால் மட்டும் கேபிள்.

பேட் மாற்றும்போதும் பிஸ்டனை சி-கிளாம்ப் போட்டு அழுத்தாதீர்கள், அதே ஆலன் கீயை எதிர்த் திசையில் திருப்பினால்தான் உள்ளே போகும். அழுத்தினால் உள்ளிருக்கும் திருகு கெட்டு கேலிப்பரே போய்விடும். கையோடு சறுக்கு பின்களையும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடலோர வண்டிகளில் ஒரு பின் இறுகிப்போய், பேட் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கும். எமரி பேப்பரில் துருவை எடுத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். சாதாரண சேஸிஸ் கிரீஸ் அந்த ரப்பர் பூட்டை ஊத வைத்துவிடும்.